உலோகத்தின் நினைவை ஒரு நியூரல் நெட்வொர்க் கற்றுக்கொள்ளுமா? போஸ்ட்டாக் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது: "மெக்கானிக்கலில் பிஎச்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். ஃபைனைட் எலிமென்ட் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) நன்றாகத் தெரியும், அதற்கான அபாகஸ் மென்பொருளுக்கு யூமேட் (பொருளின் நடத்தையைச் சொல்லும் நிரல்) எழுதியிருக்கிறேன், பைத்தான் ஓரளவு வரும். உலோகங்களின் பிளாஸ்டிசிட்டியை, அதாவது விசையை எடுத்த பிறகும் திரும்பாத உருமாற்றத்தை, இயந்திரக் கற்றலால் மாதிரியாக்கும் இரண்டு போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று அணுக்களுக்கிடையிலான விசையைக் கற்றுக்கொடுக்கும் வேலை. மற்றொன்று, தகட்டை அழுத்தி வடிவமைக்கும்போது வரும் தகைவை (ஓரலகுப் பரப்பில் வரும் விசையை) கணிக்கும் நெட்வொர்க். இந்தத் துறையில் உண்மையில் சரக்கு இருக்கிறதா, அல்லது இப்போது அடிக்கிற அலை மட்டும்தானா? எதைத் தேர்ந்தெடுப்பது?"

சரக்கு இருக்கிறது. ஆனால் அது நெட்வொர்க்கின் உள்ளே இல்லை, உலோகத்தின் உள்ளே இருக்கிறது. இதை விளக்கிவிட்டால் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

ஒரு செம்புக் கம்பியை நெருப்பில் காட்டி ஆறவைத்து வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும். அதே வளைவை நிமிர்த்தப் பார்த்தால் வளைந்த இடம் பிடிவாதமாக நிற்கும், அதற்குப் பக்கத்துப் பகுதி வளையும். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும், சுட்டால் இளகும் என்பது பாத்திரம் அடிக்கும் கன்னார்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த சங்கதி. அந்தக் கம்பியில் ஓர் அணுவும் கூடவில்லை, குறையவில்லை. ஆனாலும் அது முன்பிருந்த கம்பி இல்லை. தனக்கு நேர்ந்ததை அது உள்ளே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிசிட்டி ஆய்வு முழுக்க அந்த எழுத்தைப் படிக்கும் முயற்சிதான்.

எழுத்து எதில் இருக்கிறது? 1926ல் ஃப்ரெங்கெல் ஒரு கணக்குப் போட்டார். குறையே இல்லாத படிகத்தில் ஓர் அணுத்தளத்தை அடுத்த தளத்தின் மேல் அப்படியே வழுக்கவைக்க எவ்வளவு தகைவு வேண்டும் என்பதே கணக்கு. கிடைத்த விடை, தூய ஒற்றைப் படிகங்களில் அளந்ததைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரிதாக இருந்தது. 1934ல் டெய்லர், ஓரோவான், போலன்யி மூவரும் தனித்தனியாக ஒரே விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தளம் முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. அணு வரிசையில் உள்ள ஒரு கோடு போன்ற பிழை, அதாவது டிஸ்லொகேஷன், நகர்ந்து போகிறது. விரித்த ஜமுக்காளத்தை மொத்தமாக இழுப்பதற்குப் பதில் ஒரு முனையில் மடிப்பு எழுப்பி அதைத் தள்ளிக்கொண்டே போனால் சிரமமில்லாமல் நகருமே, அந்த மாதிரி. கருத்தாக மட்டும் இருந்த இந்தக் கோடுகளை 1956ல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஹிர்ஷ், ஹோர்ன், வீலன் மூவரும் மெல்லிய அலுமினியத்தாளில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக நகரக் கண்டார்கள்.

இவற்றின் நீளத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். நன்கு சுட்டு ஆறவைத்த உலோகத்தின் ஒரு கன சென்டிமீட்டருக்குள் பத்திலிருந்து 1,000 கிலோமீட்டர் வரை டிஸ்லொகேஷன் கோடு இருக்கலாம். பலமாக அடித்து உருமாற்றிய பிறகு அதே கனசதுரத்தில் 10 லட்சம் கிலோமீட்டர். நிலவுக்குப் போய்த் திரும்பிய பிறகும் மிச்சம் இருக்கும் நீளம் அது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, சிக்கி, முடிச்சிட்டுக்கொள்வதால் உலோகம் இறுகுகிறது. டெய்லர் தந்த தொடர்பு இன்றும் நிற்கிறது: இறுகல், டிஸ்லொகேஷன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். அடர்த்தி ஆயிரம் மடங்கானால் அதனால் வரும் வலிமை சுமார் 30 மடங்காகும்.

இவ்வளவு அழகான விதி இருக்கும்போது இயந்திரக் கற்றல் எதற்கு என்று கேட்கலாம். அடர்த்தி என்ற ஒற்றை எண் போதாது என்பதுதான் காரணம். மியூனிக்கில் பௌஷிங்கர் 1880களிலேயே இதைக் காட்டிவிட்டார். ஓர் உலோகத்தை இழுத்து இறுக்கிவிட்டு, பிறகு அதே துண்டை எதிர்த்திசையில் அமுக்கினால் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே விட்டுக்கொடுத்துவிடும். திசை மாறிய கணத்தில் டிஸ்லொகேஷன் அடர்த்தி மாறிவிடவில்லை. அந்தக் கோடுகள் எங்கே குவிந்திருக்கின்றன, எதை எதிர்த்து நிற்கின்றன என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்குவதில்லை. அப்படியானால் நினைவை எத்தனை எண்களால் எழுதுவது, எந்த எண்களால்? எந்தத் தகைவில் உலோகம் விட்டுக்கொடுக்கும் என்று சொல்லும் ஃபான் மிஸஸின் 1913 அளவுகோல், ஹில்லின் 1948 அளவுகோல், 5 எண்களில் முடிந்துவிடும் 1983ன் ஜான்சன்-குக் சமன்பாடு, செம்பு போன்ற படிகத்தில் எந்தத் தளத்தில் எந்தத் திசையில் வழுக்கலாம் என்ற 12 வழுக்குத் தொகுதிகளையும் தனித்தனியாகக் கணக்கிடும் படிகப் பிளாஸ்டிசிட்டி என எல்லாமே இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் மனிதர்கள் யோசித்துத் தந்த விடைகள். இயந்திரக் கற்றல் இதே கேள்வியை மாற்று உருவத்தில் மறுபடி கேட்கிறது, அவ்வளவுதான். கேள்வி தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இனி உங்கள் முதல் வாய்ப்பு. இங்கேதான் இயந்திரக் கற்றல் ஐயத்துக்கு இடமில்லாமல் வென்றிருக்கிறது என்பது என் கருத்து.

அணுக்களின் இயக்கத்தைக் கணினியில் ஓட்டினால் ஒவ்வோர் அடியும் ஒரு ஃபெம்டோ விநாடி. ஒரு நானோ விநாடிக்கே 10 லட்சம் அடிகள். அதனால் உலோகத்தை மிக வேகமாக இழுக்கவேண்டியிருக்கிறது. ஆய்வகத்தில் விநாடிக்கு 0.001 என்ற வீதத்தில் திரிபு (நீள மாற்றத்துக்கும் பழைய நீளத்துக்கும் உள்ள விகிதம்) கொடுப்போம், கணினியில் விநாடிக்கு ஒரு கோடியிலிருந்து 100 கோடி வரை. 2017ல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தார் டான்டலம் படிகத்தில் கோடிக்கணக்கான அணுக்களோடு செய்து காட்டியது இந்த முறையின் உச்சங்களில் ஒன்று. இவ்வளவு பெரிய கணக்கில் அணுக்களுக்கிடையிலான விசையைக் குவாண்டம் முறையில் கணக்கிட வழியே இல்லை. அங்கே எலெக்ட்ரான் எண்ணிக்கை இரட்டித்தால் செலவு எட்டு மடங்காகும். ஆகவே 1984ல் டாவும் பாஸ்கெஸும் தந்த முறை போன்ற எளிய பொட்டென்ஷியல்களை, அதாவது அணுக்களின் இருப்பிடத்திலிருந்து ஆற்றலைச் சொல்லும் சூத்திரங்களை, நம்பியே காலம் ஓடியது.

அவை செம்பு, நிக்கல், அலுமினியத்துக்குப் பரவாயில்லை. இரும்பு, டங்ஸ்டன் போன்றவற்றில் திணறின. அறை வெப்பநிலையிலும் அதற்குக் கீழும் இவற்றின் உருமாற்றத்தை ஆள்வது திருகு வகை டிஸ்லொகேஷன். அது ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குத் தாண்டுகையில் வரும் ஆற்றல் தடை ஒரே மேடாக இருக்கும் என்கிறது குவாண்டம் கணக்கீடு. பழைய பொட்டென்ஷியல்கள் பல அங்கே இரண்டு மேடுகளைக் காட்டின. மேட்டின் வடிவம் தப்பினால் டிஸ்லொகேஷனின் வேகம் தப்பும், வேகம் தப்பினால் அதன் மேல் கட்டிய எல்லாமே சாயும்.

2007ல் பெலரும் பாரினெல்லோவும் நியூரல் நெட்வொர்க்கால் ஆற்றலைக் கற்பித்தார்கள். 2010ல் சானியின் குழு காஸியன் என்ற புள்ளியியல் வழியில் ஒரு பொட்டென்ஷியலைத் தந்தது. 2019ல் டிராவுட்ஸ் தந்த அணுக் கொத்து விரிவு, அண்மையில் வந்த சமச்சீரைக் காக்கும் நெட்வொர்க்குகள் என வரிசை நீள்கிறது. ஆனால் நான் எல்லோரையும் படிக்கச் சொல்வது 2014ல் டங்ஸ்டனுக்கு வந்த காஸியன் பொட்டென்ஷியல் ஆய்வை. படிகத்தின் சாதாரண அதிர்வுகளை மட்டும் கற்பித்தபோது அதற்கு டிஸ்லொகேஷனைப் பற்றி ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. வெற்றிடம், மேற்பரப்பு, ஒரு தளம் அடுத்த தளத்தின் மேல் நழுவிய நிலைகள், கடைசியாக டிஸ்லொகேஷனே உள்ள அமைப்புகள் என்று ஒவ்வொன்றாகப் பயிற்சித் தரவில் சேர்த்துப் பார்த்தார்கள். எதைக் காட்டினால் எது திருந்துகிறது என்பது அந்த வரிசையில் பளிச்சென்று தெரிகிறது.

அதில் இன்னொரு பாடமும் உண்டு. "அணுவுக்குச் சில மில்லி எலெக்ட்ரான் வோல்ட் பிழைதான்" என்று எழுதினால் பிரமாதமாகத் தெரியும். நீங்கள் தேடும் தடையின் உயரமே டிஸ்லொகேஷனின் ஓர் அணு நீளத்துக்குச் சில பத்து மில்லி எலெக்ட்ரான் வோல்ட்தான். பயிற்சித் தரவில் பெரும்பங்கு ஒழுங்கான படிகம் என்றால் சராசரிப் பிழை குறைவாக வருவதில் ஆச்சரியம் இல்லை. டிஸ்லொகேஷனின் மையத்தில் இருக்கும் கைப்பிடியளவு அணுக்களில் பிழை எவ்வளவு? கேட்கவேண்டிய கேள்வி அதுதான். நேர்காணலில் இதை நீங்கள் கேட்டால், துறையின் நாடி உங்களுக்குத் தெரியும் என்பது அந்தக் குழுவுக்குப் புரிந்துவிடும்.

அணுநிலைக்கும் தகட்டு நிலைக்கும் நடுவே டிஸ்லொகேஷன்களையே நேரடியாகக் கோடுகளாக வைத்து நகர்த்தும் கணக்கீடுகள் இருக்கின்றன. 2004ல் உச்சிக்கும் உடன் உழைத்தவர்களும் மைக்ரான் அளவுத் தூண்களை அமுக்கி, சிறிதானால் வலிமை கூடுகிறது என்று காட்டினார்கள். அத்தனை சிறிய துண்டில் உருமாற்றம் சீராக வராது, திடீர் திடீரென வெடித்து வெடித்து வரும். ஒரே மாதிரிச் செய்த இரண்டு தூண்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். 2018ல் சால்மென்யோகி, அலாவா, லாவ்ர்சன் என்ற ஃபின்லாந்து ஆய்வாளர்கள், தொடக்கத்தில் டிஸ்லொகேஷன்கள் இருந்த நிலையை மட்டும் நெட்வொர்க்குக்குக் காட்டி, அந்தக் குறிப்பிட்ட துண்டின் தகைவு-திரிபு வளைகோட்டைக் கணிக்கச் சொன்னார்கள். கணிக்கும் திறன் எல்லாத் திரிபிலும் ஒரே அளவில் இல்லை, துண்டின் பருமனைப் பொறுத்தும் மாறியது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். இங்கே இயந்திரக் கற்றல் வேகமான கணக்குக் கருவியாக மட்டும் நிற்கவில்லை. எவ்வளவு தூரம் எதிர்காலத்தை அறியமுடியும் என்ற இயற்பியல் கேள்விக்கே அது அளவுகோலாகிறது.

இப்போது இரண்டாவது வாய்ப்பு, உங்கள் கைப்பழக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பது. திரிபைக் கொடுத்தால் தகைவைச் சொல்லும் நெட்வொர்க் புதிய யோசனை அல்ல. 1991லேயே இல்லினாயில் கபூசியும் அவர் குழுவினரும் கான்கிரீட்டுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். 2019ல் மொசாஃபரும் குழுவினரும் மொழிக்காகப் பழகிய தொடர் நெட்வொர்க்குகளை (முன் வந்ததை நினைவில் வைத்து அடி அடியாகப் படிப்பவை) கொண்டு பாதையைச் சார்ந்த பிளாஸ்டிசிட்டியைக் கற்பிக்கலாம் என்று காட்டியதும் கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. நெட்வொர்க்கின் உள்நிலை எண்களே உலோகத்தின் நினைவாக இருந்துவிட்டுப் போகட்டும், நாம் பெயர் வைக்கவேண்டாம் என்பது யோசனை.

யோசனை கவர்ச்சியானது. ஃபைனைட் எலிமென்ட்டுக்குள் செருகியதும் சிக்கல் வெளிவந்தது. ஒரு திரிபைப் பத்து அடிகளில் கொடுத்தாலும் ஆயிரம் அடிகளில் கொடுத்தாலும் முடிவில் தகைவு ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். வேகத்தைச் சாராத பிளாஸ்டிசிட்டியில் இது விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. வழக்கமான தொடர் நெட்வொர்க்குகள் அடிகளை எண்ணிப் பழகியவை. அடியின் அளவு மாறினால் அவற்றின் விடையும் மாறிவிடும். சூரிக்கில் பொனாட்டியும் மோரும் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டி, அடி சிறுத்துக்கொண்டே போனால் விடை ஒரே இடத்தில் நிலைக்கும்படி நெட்வொர்க்கின் அமைப்பையே மாற்றினார்கள். யூமேட் எழுதியவர் நீங்கள், அடியளவு மாறினால் விடை மாறுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கணினி அறிவியல் பக்கத்திலிருந்து மட்டும் வருகிறவருக்கு இது குற்றமாகவே தோன்றாது. உங்கள் பழைய படிப்பின் மதிப்பு இங்கேதான்.

இன்னும் சில நிபந்தனைகள் இதே வகை. பிளாஸ்டிக் உருமாற்றத்தில் ஆற்றல் வெப்பமாக வெளியேறலாம், இல்லாத இடத்திலிருந்து வரமுடியாது. பயிற்சித் தரவுக்கு வெளியே போன நெட்வொர்க், ஒரு முழுச் சுழற்சியில் ஆற்றலை உற்பத்தி செய்யக்கூடும். 2021ல் மாசி, ஸ்டெஃபானு முதலானோர் வெப்ப இயக்கவியல் விதியை நெட்வொர்க்கின் கட்டமைப்பிலேயே வைத்ததற்குக் காரணம் இதுதான். பொருளைச் சுழற்றிப் பார்த்தால் விடையும் கூடவே சுழலவேண்டும் என்பது அடுத்தது. இவற்றைப் பிழைச் சார்பில் (பயிற்சியின்போது நெட்வொர்க் குறைக்கப் பார்க்கும் அளவில்) தண்டனைப் புள்ளியாகச் சேர்ப்பதைவிட, மீறவே முடியாதபடி அமைப்பில் கட்டிவிடுவது மேல். தண்டனைப் புள்ளி, பார்த்த இடத்தில் மட்டும்தான் ஒழுங்காக இருக்கச் சொல்லும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை தரவு. படங்களை அடையாளம் காணும் துறையில் லட்சக்கணக்கான மாதிரிகள் கிடைக்கின்றன. நமக்கு ஒரு இழுவிசைச் சோதனை கொடுப்பது ஒரே ஒரு வளைகோடு. தகைவுக்கு ஆறு கூறுகள் உண்டு, ஆய்வகத்தில் எளிதாகப் போகக்கூடிய பாதைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதிலும் பொருளின் உள்ளே ஒரு புள்ளியில் தகைவை நேரடியாக அளக்கும் எளிய கருவி கிடையாது. மேற்பரப்பில் புள்ளிகள் தெளித்து, கேமராவில் படம்பிடித்து இடப்பெயர்ச்சியை அளக்கலாம், இயந்திரம் காட்டும் மொத்த விசையைப் படிக்கலாம். இந்த இரண்டை மட்டும் வைத்து, தகைவுத் தரவே இல்லாமல், எந்தச் சமன்பாடு பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் முறையை ஃபிளாஷெல், குமார், டி லோரென்ஸிஸ் மூவரும் 2022ல் பிளாஸ்டிசிட்டிக்கு விரித்தார்கள். விசைகள் சமநிலையில் இருக்கவேண்டும் என்ற நியூட்டனின் விதியே அங்கே ஆசிரியர். விடையாக வருவதும் மனிதர் படிக்கக்கூடிய சமன்பாடு. இந்தத் துறை போகவேண்டிய திசை இதுதான் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலான குழுக்கள் தரவுப் பஞ்சத்தைத் தீர்க்க வேறு வழியில் போகின்றன. படிகப் பிளாஸ்டிசிட்டிக் கணக்கீடுகளை ஆயிரக்கணக்கில் ஓட்டி அந்த விடைகளையே நெட்வொர்க்குக்குக் கொடுக்கிறார்கள். டுசெல்டார்ஃபில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவான டாமஸ்க் போன்ற திறந்த மென்பொருள்கள் இதற்கு மிகவும் உதவுகின்றன. தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நெட்வொர்க் கற்பது அந்தக் கணக்கீட்டை மட்டும்தான், அதன் குறைகளையும் சேர்த்து. வேகம் கிடைக்கும், புதிய உண்மை கிடைக்காது. கட்டுரையில் "99 விழுக்காடு துல்லியம்" என்று கண்டால் எதோடு ஒப்பிட்டு 99 என்று பாருங்கள்.

துல்லியத்தை ஊதிப் பெரிதாக்கும் இன்னொரு வழி, பெரும்பாலும் தெரியாமலே நடப்பது. ஒரே சோதனையின் வளைகோட்டில் ஆயிரம் புள்ளிகள் இருக்கும். அவற்றைக் கலைத்துப் பயிற்சிக்கு எண்பது, பரீட்சைக்கு இருபது என்று பிரித்தால், பரீட்சைக் கேள்வியின் முன்னும் பின்னும் உள்ள புள்ளிகள் பயிற்சியிலேயே இருக்கும். நெட்வொர்க் இடைவெளியை நிரப்புகிறது, வேறு எதையும் கற்கவில்லை. பிரிப்பதென்றால் துண்டு வாரியாக, சுமைப் பாதை வாரியாக, நுண்ணமைப்பு வாரியாகப் பிரியுங்கள். இழுத்துக் கற்பித்து, இழுத்துத் திருப்பி அமுக்கும் பாதையில் சோதியுங்கள். பௌஷிங்கரின் 140 வருடப் பழைய சோதனையில் தோற்கும் நெட்வொர்க்குகள் கணிசம். கூடவே ஐந்து எண்களில் அடங்கும் பழைய சமன்பாட்டையும் அதே தரவில் பொருத்தி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பழையது ஜெயித்தால் அதையும் எழுதுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? அணுநிலை வேலை அறிவியலாகப் பார்த்தால் இன்றைக்கு உறுதியான நிலம். அங்கே தரவை நீங்களே குவாண்டம் கணக்கீட்டால் உருவாக்கலாம், சரி தவறு பார்க்கத் தெளிவான அளவுகோல்கள் உண்டு. ஆனால் நீங்கள் அணுக்களின் இயக்கத்தை ஓட்டும் லாம்ப்ஸ் மென்பொருளும் குவாண்டம் கணக்கீடும் தொடக்கத்திலிருந்து கற்கவேண்டும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் முதல் எட்டு ஒன்பது மாதங்கள் அதற்கே போகும். அதே இடத்தில் பிஎச்டியிலேயே பழகி வந்தவர்களோடு போட்டியும் இருக்கும். தகட்டு வேலையில் உங்கள் யூமேட் பழக்கம் முதல் நாளிலிருந்தே பயன்படும். அந்த நெட்வொர்க்கை இம்ப்ளிசிட் முறையில் (ஒவ்வோர் அடியிலும் சமநிலையைத் தீர்த்துப் போகும் முறை) ஓட்டத் தகைவின் சாய்வும், அதாவது திரிபு சற்று மாறினால் தகைவு எவ்வளவு மாறும் என்பதும், துல்லியமாக வேண்டும், அதைச் சரியாக எழுதிச் செருகத் தெரிந்தவர்கள் எந்தக் குழுவிலும் குறைவு. நெட்வொர்க் எழுத உதவும் பைத்தான் தொகுப்புகளான பைடார்ச் அல்லது ஜாக்ஸை ஒழுங்காகப் பழகிக்கொண்டால் போதும். கல்பாக்கத்தில் வேக ஈனுலைக்கான எஃகுகளை உயர் வெப்பநிலையில் சோதிக்கும் பணி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஊர் திரும்பி அந்த மாதிரி வேலைக்கு வர நினைத்தாலும் பொருளின் சமன்பாட்டு மட்டத்தில் கிடைக்கும் அனுபவம் நேரடியாகக் கைகொடுக்கும்.

ஐரோப்பாவில் சொந்தமாக நிதி கேட்க எண்ணினால், மரி கியூரி போஸ்ட்டாக் நல்கைக்குப் பிஎச்டி முடிந்து 8 ஆண்டுக்குள் இருக்கவேண்டும், போகும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக்கூடாது. ஆகவே முதல் போஸ்ட்டாக் எந்த நாட்டில் என்பது அடுத்ததைப் பாதிக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தகட்டு வேலைக்குப் போவேன், ஒரு நிபந்தனையோடு. ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தப் பேராசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்: சோதனை இயந்திரம் உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறதா? திருப்பி அமுக்கும் சோதனையும் இரு திசையில் இழுக்கும் சோதனையும் அதில் செய்யமுடியுமா? பயிற்சியில் சேராத துண்டுகளை எனக்கென்று ஒதுக்குவீர்களா? நிரலையும் தரவையும் வெளியிட அனுமதி உண்டா, அல்லது நிதி தரும் தொழிற்சாலை பூட்டிவைக்குமா? நான்குக்கும் நல்ல பதில் வந்தால் யோசிக்காமல் போங்கள். "தரவெல்லாம் சிமுலேஷனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்" என்ற ஒற்றை வரி பதிலாக வந்தால், லாம்ப்ஸ் கற்க ஆரம்பித்துவிடுங்கள், முதல் வாய்ப்பே மேல்.